இஎஃப் மார்க் போட்டும் போன் கால் ஏன் வெட்டுகிறது?

கேள்வியை ஒரு முறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 45 பேர் உள்ள அலுவலகம், 20 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், மேசைகளில் ஐபி போன், லேப்டாப்பில் டீம்ஸ். காலை பதினோரு மணிக்கு பேக்கப் ஓடும்போதோ யாராவது பெரிய ஃபைலை ஏற்றும்போதோ எதிர்முனையில் இருப்பவர் "ஹலோ, குரல் விட்டு விட்டு வருது" என்கிறார். ரவுட்டரில் க்யூஓஎஸ் (சில பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை தரும் வசதி) ஆன் செய்து, குரலைச் சுமக்கும் சிறு டேட்டா துண்டுகளான குரல் பாக்கெட்டுக்கெல்லாம் இஎஃப் ("இதை முதலில் அனுப்பு" என்ற அடையாளம்) என்று மார்க்கும் போட்டுவிட்டீர்கள், ஒரு மாற்றமும் இல்லை. எந்தப் பாக்கெட் முக்கியம் என்று நெட்வொர்க் எதை வைத்துத்தான் முடிவு செய்கிறது என்பது உங்கள் கேள்வி. இஎஃப்-க்கான 46 என்ற எண் எங்கிருந்து வந்தது, ஐஎஸ்பி (இணைய இணைப்பு தரும் நிறுவனம்) உங்கள் மார்க்கை ஏன் மதிப்பதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மார்க் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் ரவுட்டரில் வரிசையே உருவாகவில்லை, சிக்கல் அதுதான். வரிசை இல்லாத இடத்தில் யாரை முன்னால் விடுவது?

பார்சல் பெட்டி மேல் "கண்ணாடிப் பொருள், கவனம்" என்று எழுதி அனுப்புகிறோம் இல்லையா, மார்க் என்பது அவ்வளவுதான். லாரியில் ஏற்றுகிற ஆள் அதைப் படிக்க வேண்டும், படித்தால் மதிக்க வேண்டும், மதிக்க நினைத்தாலும் அவர் கையில் அந்த நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டி இருக்க வேண்டும். ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறது என்றால் எந்த எழுத்தும் எதையும் மாற்றாது. க்யூஓஎஸ் பற்றிய பாதிக் குழப்பம் இதை மறப்பதால் வருகிறது. அது பேண்ட்வித்தை உண்டாக்குவதில்லை. நெரிசல் நேரத்தில் யார் முதலில் போவது, இடம் போதாவிட்டால் யாரைக் கீழே போடுவது, இந்த இரண்டை மட்டும்தான் அது தீர்மானிக்கிறது. லைன் காலியாக இருக்கும்போது அதற்கு வேலையே இல்லை.

இப்போது உங்கள் லைனைப் பாருங்கள். உள்ளே எல்லாம் ஒரு ஜிகாபிட். ரவுட்டரின் வேன் போர்ட்டும் (வெளி இணையத்துக்குப் போகும் வாய்), அதிலிருந்து சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டிக்குப் போகும் கேபிளும் ஒரு ஜிகாபிட். நீங்கள் பணம் கட்டுவது 20 எம்பிபிஎஸ்ஸுக்கு. பேக்கப் சர்வர் வேகமாகத் தள்ளும்போது ரவுட்டர் என்ன நினைக்கும்? "என் போர்ட் ஆயிரத்தில் போகிறது, வந்ததை வந்த வேகத்தில் தள்ளிவிட்டேன், நெரிசலே இல்லை" என்று நினைக்கும். அதன் பார்வையில் அது உண்மையும்கூட. ஆயிரம் இருபதாகச் சுருங்குவது அதற்கு அடுத்த பெட்டியில், இல்லாவிட்டால் ஐஎஸ்பி பக்கத்தில். வரிசை அங்கே நிற்கிறது. அந்தப் பெட்டிக்கு உங்கள் இஎஃப் பற்றித் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. முதலில் வந்தவர் முதலில்.

அந்தப் பெட்டியில் ஒரு மெகாபைட் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் மெமரி) இருப்பதாக வைத்துக்கொள்வோம், இன்றைக்கு அது ஒன்றும் பெரிய அளவில்லை. ஒரு மெகாபைட் என்றால் 80 லட்சம் பிட். விநாடிக்கு 2 கோடி பிட் வெளியேறும் லைனில் அது காலியாக 400 மில்லி விநாடி. பேக்கப் அந்தப் பஃபரை நிரப்பி வைத்திருக்கும்வரை, பின்னால் வந்து சேரும் ஒவ்வொரு குரல் பாக்கெட்டும் கிட்டத்தட்ட அரை விநாடி நின்றுதான் போக வேண்டும். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை. அந்த 150-ஐ சுவரில் தொங்கும் பெட்டி ஒன்றே தின்று தீர்த்து, இன்னும் 250 கடன் வைத்துவிடுகிறது.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்பவர் வீட்டிலிருந்து பெரிய ஃபைல்களை அனுப்பும்போது லைன் தவழ்வதைக் கண்டு, நோண்டிப் பார்த்துவிட்டு வைத்த பெயர். மெமரி மலிவானதும் எல்லாரும் பெட்டிகளில் தாராளமாகப் பஃபரைப் போட்டார்கள், பாக்கெட் தொலையக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பாக்கெட் தொலைவது, ஃபைல்களை அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்கும் டிசிபி என்ற நெறிமுறைக்கு ஒரு செய்தி: "வேகத்தைக் குறை." அந்தச் செய்தி வரவே வராவிட்டால் அது பஃபர் நிரம்பும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, "பேண்ட்வித்தைக் கூட்டினால் சரியாகிவிடும்" என்று உங்கள் நிர்வாகத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். குரல் கேட்கும் இடம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், ஆக விநாடிக்கு 50. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், ஹெட்டர்கள் 40 பைட், ஈதர்நெட் உறை 18 பைட். மொத்தம் 218 பைட், அதாவது ஒரு காலுக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ். இருபது பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 2 எம்பிபிஎஸ்ஸைத் தொடாது. லைனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. லைனை 50 ஆக்கினால் பேக்கப் 50-ஐயும் நிரப்பும், அவ்வளவுதான். நெரிசல் சீக்கிரம் முடியும் என்பது மட்டும் லாபம். ஐந்து நிமிட சராசரி கிராஃபைக் காட்டி "லைன் 60 சதவீதம்தான் ஓடுகிறது" என்பவர்களை நம்ப வேண்டாம். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் முழுக்க அடைத்திருந்து இரண்டு நிமிடம் சும்மா இருந்தாலும் கிராஃப் 60 என்றுதான் சொல்லும்.

சரி, வகைப்படுத்துவதற்கு வருவோம்.

ஒரு ரவுட்டரோ ஸ்விட்ச்சோ பாக்கெட்டை அடையாளம் காண அதன் கையில் இருப்பது சொற்பம்: எந்த போர்ட் வழியாக உள்ளே வந்தது, எந்த வீலேன் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி), அனுப்பியவர் பெறுபவர் ஐபி முகவரி, டிசிபியா யுடிபியா (தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத எளிய முறை), போர்ட் எண், ஏற்கெனவே யாராவது போட்ட மார்க். இதற்கு மேல் வேண்டுமென்றால் பாக்கெட்டின் வயிற்றைக் கிழித்துப் பார்க்க வேண்டும், அதைத்தான் டிபிஐ என்கிறார்கள். முன்பு அது ஓரளவு வேலை செய்தது. இப்போது கிட்டத்தட்ட எல்லாமே பூட்டிய பெட்டி. டிஎல்எஸ் என்ற அந்தப் பூட்டு தொடங்கும்போது வெளியே தெரியும் சர்வர் பெயரை வைத்து ஊகிக்கலாம். க்விக் என்ற புதிய அனுப்பும் முறை வந்தபின் யூடியூப்பும் இன்னும் பலவும் யுடிபி 443-இல் ஓடுகின்றன, "யுடிபி என்றால் குரல் அல்லது வீடியோ கால்" என்று பழைய காலத்து விதி எழுதி வைத்திருந்தால் யூடியூப்பை ராஜ மரியாதையோடு முதல் வரிசையில் உட்கார வைத்திருப்பீர்கள். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை, அப்படிப்பட்ட கான்ஃபிகரேஷன்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் நெட்வொர்க் நடுவில் உட்கார்ந்து ஊகிப்பதைவிட, பாக்கெட் பிறக்கும் இடத்திலேயே அடையாளம் போடுவது மேல். ஐபி போன்களைத் தனி வீலேனில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது, அவை தாங்களாகவே குரலுக்கு 46, அதாவது இஎஃப், போட்டு அனுப்பும். டீம்ஸுக்கு அதன் நிர்வாகப் பக்கத்தில் ஆடியோவுக்கு 50000 முதல் 50019 வரை, வீடியோவுக்கு 50020 முதல் 50039 வரை, திரை பகிர்வுக்கு 50040 முதல் 50059 வரை என்று லேப்டாப் பக்கத்துப் போர்ட்களைப் பிரித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. பலர் இதை ஆன் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸில் குரூப் பாலிசி வழியாக "இந்த புரோகிராம், இந்த போர்ட், இந்த மார்க்" என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் லேப்டாப்பிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டில் பூஜ்யம்தான் இருக்கும்.

இந்த 46 எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஐபி ஹெட்டரில் இரண்டாவது பைட். 1981-இல் ஐபிவி4 எழுதப்பட்டபோதே அதில் முதல் மூன்று பிட்டை முன்னுரிமைக்கு ஒதுக்கிவிட்டார்கள். எட்டு நிலைகள். அவற்றின் பெயர்களில் ஃப்ளாஷ், ஃப்ளாஷ் ஓவர்ரைடு என்றெல்லாம் இருக்கும், ராணுவத் தந்தி வாடை. 1998 டிசம்பரில் அதே பைட்டை மறுபடி வெட்டி, முதல் ஆறு பிட்டை டிஎஸ்சிபி ஆக்கினார்கள். மீதி இரண்டு பிட் 2001-இல் இசிஎன் என்ற நெரிசல் அறிவிப்புக்குப் போனது. ஆறு பிட் என்பதால் 0 முதல் 63 வரை. 46 என்பது 101110. பாக்கெட் கேப்சரில் முழு பைட்டாகக் காட்டும் கருவிகளில் அது 184 என்று தெரியும், ஹெக்ஸில் பி8. "நான் 46 போட்டேன், 184 வருகிறது, ரவுட்டரில் பக்" என்று யாராவது வந்தால் நான்கால் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏஎஃப்41, ஏஎஃப்31 என்பவை இன்னொரு மார்க் குடும்பம். முதல் இலக்கம் எந்த வகுப்பு, இரண்டாவது இலக்கம் நெரிசலில் யாரை முதலில் கைவிடுவது. ஏஎஃப்43-ஐ ஏஎஃப்41-க்கு முன்னால் தூக்கி எறியலாம், அதாவது இரண்டாவது இலக்கம் பெரிதானால் மதிப்பு குறைவு. சிஎஸ்6, எண்ணாகச் சொன்னால் 48, ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்றவற்றுக்கு. அதில் யாரையும் ஏற்ற வேண்டாம், எம்டி கேட்டாலும்.

வைஃபையில் ஒரு வேடிக்கை இருக்கிறது, இது பலரைக் கடித்திருக்கிறது. வைஃபைக்கு நான்கு வகுப்புதான்: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. எட்டு முன்னுரிமை எண்கள் இந்த நான்கில் போய் விழும்; 6-உம் 7-உம் குரல், 4-உம் 5-உம் வீடியோ, 0-உம் 3-உம் சாதாரணம், 1-உம் 2-உம் பின்னணி. கவனியுங்கள், 1 என்பது 0-ஐவிடத் தாழ்ந்தது. ஆறு பிட் டிஎஸ்சிபியை மூன்று பிட் எண்ணாக மாற்ற, பல சாதனங்கள் யோசிக்காமல் முதல் மூன்று பிட்டை வெட்டி எடுத்துக்கொள்ளும். 101110-இல் முதல் மூன்று 101, அதாவது 5. 5 எங்கே விழுகிறது? வீடியோவில். நீங்கள் அழகாக இஎஃப் போட்ட குரல், காற்றில் வீடியோ வரிசையில் நிற்கும். இஎஃப்-ஐ 6-க்கு மாற்றுங்கள் என்று 2018-இல் ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணத்தில் எழுதியே வைத்தார்கள். உங்கள் ஆக்சஸ் பாயின்ட் அதைச் செய்கிறதா என்று அதன் செட்டிங்கில் பார்த்துவிடுங்கள். அப்புறம், வைஃபையில் முன்னுரிமை என்பது உறுதியான வரிசை கிடையாது. காற்று எல்லாருக்கும் பொது. குரல் வகுப்பில் இருப்பவர் பேசுவதற்கு முன் காத்திருக்கும் நேரம் குறைவு, தற்செயலாகப் போடும் பகடையில் முகங்கள் குறைவு, ஆக அவருக்கு வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. லேப்டாப்பிலிருந்து ஆக்சஸ் பாயின்டுக்குப் போகும் திசையில் அந்தப் பகடையைப் போடுவது லேப்டாப்தான்.

அடுத்தது நம்பிக்கை எல்லை. யார் போட்ட மார்க்கை மதிப்பது? எல்லார் மார்க்கையும் மதித்தால் ஒரு நாள் யாராவது டோரன்டுக்கு 46 போட்டுவிடுவார்கள். யார் மார்க்கையும் மதிக்காவிட்டால் போன் போட்டதும் போய்விடும். போன் இருக்கும் போர்ட்டை நம்பு, அதன் பின்னால் தொங்கும் கம்ப்யூட்டரை நம்பாதே என்பது வழக்கமான ஏற்பாடு. இதில் நானே ஒரு முறை அசடு வழிந்திருக்கிறேன். ஒரு ஆலை அலுவலகத்தில் உங்களுடையதைப் போலவே புகார். போனில் 46, ரவுட்டரில் வகுப்பு, வரிசை எல்லாம் பக்கா. இரண்டு நாள் ரவுட்டரையே குடைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான், குரல் வகுப்பின் கவுன்ட்டர் பூஜ்யத்திலேயே நிற்கிறதே என்று உறைத்தது. நடுவில் இருந்த பழைய ஸ்விட்ச்சில் க்யூஓஎஸ்-ஐ ஆன் செய்திருந்தேன், "எதற்கும் இருக்கட்டுமே" என்று. அந்த மாடலில் அதை ஆன் செய்த நொடியே எல்லா போர்ட்டும் நம்பிக்கையற்றதாகி, வருகிற மார்க்கையெல்லாம் பூஜ்யமாகத் துடைத்துவிடும். போர்ட் வாரியாக "நம்பு" என்று தனியே சொல்ல வேண்டும். ஆன் செய்யாமல் விட்டிருந்தால் மார்க் அப்படியே தாண்டிப் போயிருக்கும்.

மார்க் சேர்ந்துவிட்டது, வரிசையும் இருக்கிறது என்று வையுங்கள். யாரை எப்படி அனுப்புவது? எளிய முறை கறாரான முன்னுரிமை: குரல் வரிசையில் ஒரு பாக்கெட் இருக்கும்வரை மற்றவரைப் பார்க்காதே. 20 எம்பிபிஎஸ்ஸில் 1500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற 0.6 மில்லி விநாடி, ஆகவே குரல் பாக்கெட் வரும்போது ஒரு பெரிய பாக்கெட் பாதி வெளியேறிக்கொண்டிருந்தாலும் காத்திருப்பு அவ்வளவுதான். 64 கேபிபிஎஸ் லைன் காலத்தில் அதே பாக்கெட்டுக்கு 187 மில்லி விநாடி ஆகும், அதனால் பெரிய பாக்கெட்டைத் துண்டு துண்டாக நறுக்கி நடுவில் குரலைச் செருகும் வேலையெல்லாம் செய்தார்கள். இப்போது அந்தத் தலைவலி இல்லை.

கறாரான முன்னுரிமையின் ஆபத்து, முன் வரிசைக்காரர் பெருத்துவிட்டால் பின்னால் இருப்பவர் பட்டினி. அதற்காக முன்னுரிமை வகுப்புக்கு ஒரு உச்ச வரம்பு வைப்பார்கள். மற்ற வகுப்புகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். சிஸ்கோ உலகத்தில் இந்தக் கூட்டணிக்கு எல்எல்க்யூ என்று பெயர், முன்னுரிமை வகுப்பை லைனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடாதீர்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கணக்கு. அந்த உச்ச வரம்பில்தான் ஒரு பொறி. குரலுக்கு 1 எம்பிபிஎஸ் என்று வரம்பு வைத்தீர்கள் என்றால் 87 கேபிபிஎஸ் கணக்கில் 11 கால்கள் சுகமாகப் போகும். நெரிசல் நேரத்தில் பன்னிரண்டாவது ஆள் போனை எடுத்தால் வரம்பு தாண்டும், மிஞ்சும் பாக்கெட்டுகள் விழும். விழுவது பன்னிரண்டாவது ஆளின் பாக்கெட் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்புக்குள் யார் யார் என்று ரவுட்டர் பார்ப்பதில்லை. பன்னிரண்டு பேர் குரலும் நூற்றுக்கு நான்கு ஐந்து பாக்கெட் வீதம் கிழியும். இதனால்தான் போன் சர்வரில் "ஒரே நேரத்தில் இத்தனை கால்தான் வெளியே" என்று தனியாக எண்ணிக்கை வரம்பு வைக்கிறார்கள். பன்னிரண்டாவது ஆளுக்கு பிஸி டோன் கேட்கட்டும், மற்ற பதினொருவர் நிம்மதியாகப் பேசட்டும். வீடியோவையும் இதே வரிசையில் தள்ளலாமா என்று கேட்டால், வேண்டாம். வீடியோ பொதியாக வந்து மோதும், குரலை நசுக்கும். அதற்கு ஏஎஃப்41, உறுதியான ஒரு பங்கு, போதும்.

இனி உங்கள் லைனுக்கு மருந்து. வரிசை எங்கோ நிற்கிறது என்றேனே, அதை உங்கள் ரவுட்டருக்குள் இழுத்து வர வேண்டும். வேன் போர்ட்டில் வெளியே போகும் வேகத்தை 20-க்குச் சற்றுக் கீழே, 18.5 அல்லது 19 எம்பிபிஎஸ்ஸுக்கு ஷேப் செய்யுங்கள். இப்போது ரவுட்டரே குறுகலான இடம். சுவர்ப் பெட்டியின் பஃபர் காலியாகவே கிடக்கும். வரிசை உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது, இனி அதில் யார் முன்னால் என்று நீங்கள் சொல்லலாம். வகுப்புகளை அந்த ஷேப்பருக்குள் அடங்கிய உள்விதியாக (சைல்டு பாலிசி) வையுங்கள், நேரடியாகப் போர்ட்டில் வைத்தால் மறுபடி அதே ஆயிரம் எம்பிபிஎஸ் கதைதான். ஷேப் செய்வதும் போலீஸ் செய்வதும் ஒன்றல்ல. ஷேப் என்றால் மிஞ்சியதை நிறுத்தி வைத்து மெல்ல விடுவது, போலீஸ் என்றால் மிஞ்சியதை அங்கேயே கொட்டிவிடுவது. ஐஎஸ்பிகள் பெரும்பாலும் போலீஸ் பக்கம், அவர்களுக்கு அது மலிவு.

உள்ளே வரும் திசையில் கை கட்டியிருக்கிறது, பாக்கெட் லைனைத் தாண்டி வந்த பிறகுதானே நம் கையில் கிடைக்கிறது. ஆனாலும் வந்ததைச் சற்றுக் குறைவான வேகத்தில் வேண்டுமென்றே தடுத்தால் அனுப்புபவரின் டிசிபி பின்வாங்கும், தூரத்து வரிசை கரையும். முழுத் தீர்வு இல்லை, ஆனால் நன்றாகவே உதவும்.

இன்னொரு வழி, வகைப்படுத்தவே வேண்டாம் என்பது. நான் சின்ன அலுவலகங்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். 1985-இலேயே ஜான் நேகிள், எல்லா அனுப்புநரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல் ஆளுக்கொரு வரிசை வைத்து, சுற்றில் ஒருவருக்கு ஒரு பாக்கெட் என்று விடுங்கள் என்று எழுதினார். பேராசைக்காரர் தன் வரிசையைத்தான் நீட்டுவார், அடுத்தவரைத் தொட முடியாது. 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை, பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லி விநாடிக் காலம் முழுக்கக் காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் பாக்கெட்டைக் கைவிடத் தொடங்கும். இந்த இரண்டு யோசனையும் சேர்ந்ததுதான் எஃப்க்யூ-கோடெல். அதன் தம்பி கேக், 2018-இல் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்தது, ஷேப்பரும் உள்ளேயே உண்டு. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட சாதாரண ரவுட்டரில்கூட இது ஓடும். விநாடிக்கு 50 சின்னப் பாக்கெட் அனுப்பும் குரல், இந்த முறையில் மார்க்கே இல்லாமல் தானாக முன்னால் போய்விடும், ஏனென்றால் அதன் வரிசையில் கூட்டமே சேராது. போர்ட் எண்களைத் துரத்திக்கொண்டு வருடம் முழுக்க விதி எழுதும் பிழைப்பு மிச்சம்.

ஐஎஸ்பி உங்கள் மார்க்கை ஏன் மதிப்பதில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். 1994-இல் இன்ட்சர்வ் என்று ஒரு பெரிய கனவு வந்தது, ஒவ்வொரு காலும் வழியில் உள்ள எல்லா ரவுட்டரிடமும் முன்பதிவு செய்துகொண்டு போகும் என்று. லட்சக்கணக்கான ஓட்டங்களுக்கு ஒவ்வொரு ரவுட்டரும் பேரேடு வைக்க வேண்டும், பெரிய நெட்வொர்க்குகளில் அது நடக்கவில்லை. அதற்கு மாற்றாக வந்ததுதான் டிஃப்சர்வ், நாம் மேலே பேசிய ஆறு பிட் மார்க். அது ஒரு நிர்வாகத்தின் எல்லைக்குள் அருமையாக ஓடும். எல்லை தாண்டினால் அடுத்தவருக்கு உங்கள் 46-ஐ நம்ப என்ன காரணம்? காசு கொடுத்தீர்களா? எம்பிஎல்எஸ் இணைப்பு (ஐஎஸ்பியின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே ஓடும் தனி இணைப்பு) வாங்கி ஒப்பந்தத்தில் வகுப்புகளை எழுதியிருந்தால் மதிப்பார்கள். சாதாரண இணைய லைனில் துடைத்துவிடுவதோ கண்டுகொள்ளாமல் விடுவதோதான் வழக்கம். சட்டமும் ஒன்று இருக்கிறது: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 நவம்பரில் பரிந்துரைத்து, 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஏற்றுக்கொண்ட நெட் நியூட்ராலிட்டி விதிகளின்படி, உள்ளடக்கத்தைப் பார்த்து ஒன்றை வேகப்படுத்தி ஒன்றை அமுக்குவது கூடாது. நியாயமான நெரிசல் மேலாண்மைக்கும் சில சிறப்புச் சேவைகளுக்கும் விலக்கு உண்டு. உங்கள் அலுவலகத்துக்குள் நீங்கள் என்ன முன்னுரிமை வைத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

முழுப் பாதையும் ஒருவர் கையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் உங்கள் மொபைலே போதும். வோல்ட்டி கால் போட்டால் 4ஜி நெட்வொர்க் அதற்கென்று தனிப் பாதை திறக்கிறது, க்யூசிஐ 1 என்ற வகுப்பு, உத்தரவாதமான வேகம், 100 மில்லி விநாடி தாமத வரம்பு. அதே போனில் வாட்ஸ்ஆப் கால் போட்டால் அது மற்ற டேட்டாவோடு, ரீல்ஸ் பார்ப்பவர்களோடு, ஒரே பந்தியில் உட்கார வேண்டியதுதான். திருவிழாக் கூட்டத்தில் வாட்ஸ்ஆப் கால் திணறும்போது சாதாரண கால் ஓரளவு கேட்பதற்கு இது ஒரு காரணம்.

நாளை அலுவலகம் போனதும் முதலில் எந்த செட்டிங்கையும் தொடாமல் ஒரு கம்ப்யூட்டரில் வெளியே ஒரு முகவரிக்குத் தொடர்ந்து பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓட விடுங்கள், இன்னொன்றில் பெரிய அப்லோடைத் தொடங்குங்கள். 10 மில்லி விநாடியில் இருந்த பிங் 300, 400 என்று ஏறினால் வரிசை வெளியே நிற்கிறது என்று உறுதி. ஷேப்பரை எஃப்க்யூ-கோடெலோடு 18.5-இல் வைத்து மறுபடி ஓட்டுங்கள். பிங் இன்னும் ஏறினால் இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பிங் இறங்கிய பிறகே வகுப்புகளைப் போடுங்கள். எஃப்க்யூ-கோடெல் இல்லாத ரவுட்டரில் ஷேப்பரும் வகுப்பும் மட்டும் போட்டால், ஷேப்பருக்குள் சாதாரண வகுப்பில் போகும் பிங் ஏறியே இருக்கலாம், பயப்பட வேண்டாம். அப்போது பார்க்க வேண்டியது போன்களின் ஜிட்டர் எண், அதாவது பாக்கெட்டுகள் வந்து சேரும் நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது. பேக்கப்பை இரவுக்கு மாற்ற முடியுமானால் அதையும் இன்றே செய்துவிடுங்கள், இத்தனை கதைக்கும் அதுவே பாதி மருந்து. முடியாதென்றால் அதற்கு டிஎஸ்சிபி 8 போட்டுக் கடைசி வரிசையில் விடுங்கள்.

ஒரு வாரம் ஓடட்டும். பிறகு ரவுட்டரில் வகுப்பு வாரியாக டிராப் (கைவிடப்பட்ட பாக்கெட்) கவுன்ட்டர் பாருங்கள். பேக்கப் வகுப்பில் ஆயிரக்கணக்கில் டிராப் தெரிந்தால் பதற வேண்டாம், அந்த வகுப்பு விட்டுக்கொடுக்கிறது என்றுதான் அர்த்தம், டிசிபி திரும்ப அனுப்பிக்கொள்ளும். குரல் வகுப்பில் பாக்கெட் எண்ணிக்கையே பூஜ்யம் என்றால் நடுவில் எந்த ஸ்விட்ச் மார்க்கைத் துடைக்கிறது என்று தேடுங்கள். குரல் வகுப்பில் எண்ணிக்கையும் இருந்து டிராப்பும் ஏறுகிறதென்றால் வரம்பு போதவில்லை, அல்லது யாரோ அழைக்காத விருந்தாளி அந்த வகுப்புக்குள் நுழைந்திருக்கிறார். அப்படியானால் அந்த வகுப்பில் எந்தெந்த முகவரியிலிருந்து எவ்வளவு வருகிறது என்று எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.